நீங்கள் போடும் முடிச்சை அவிழ்ப்பது யாருடைய கை?

மதுரையில் எங்கள் தெருவுக்குக் காலை ஆறரை மணிக்குக் குப்பை வண்டி வரும். சத்தம் கேட்டதும் ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் எழும்: "குப்பைக்காரி வந்துட்டா." குப்பை நம்முடையது, பெயர் மட்டும் அவருக்கு. மாடியில் இருப்பவர்கள் இறங்கி வரக்கூட மாட்டார்கள். வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்ட கேரி பேக்கை வண்டியை நோக்கி வீசுவார்கள். உள்ளே ஊசிப்போன சாம்பார், மீன் செதில், உடைந்த கண்ணாடி, சவரம் செய்த பிளேடு, குழந்தையின் டயப்பர், நாப்கின். அந்த அக்கா முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்ப்பார். வராவிட்டால் பையைக் கிழித்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கையாலேயே பிரிப்பார்.

ஒருநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முடிச்சுப் போடாமக் குடுக்கச் சொல்லுங்க தம்பி, அது போதும். உள்ள என்ன கெடக்குன்னு தெரியாமக் கைய விடுறதுதான் பயமா இருக்கு" என்றார்.

பிளாஸ்டிக் ஒழிப்புப் பரப்புரைகளில் கடல் ஆமை வரும், பசு மாடு வரும், நிலத்தடி நீர் வரும், வருங்காலத் தலைமுறை வரும். இந்தக் கை மட்டும் வராது. ஏன் வராது? அந்தக் கையைப் பற்றிப் பேசினால் சாதியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறியது, வேலைக்கு வரும் சாதி மாறவில்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2018 சூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 சனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. ஆட்சி மாறியதும் 2021 திசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 சூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்குப் பிறகும் இன்று இரவு பரோட்டாக் கடைக்குப் போய்ப் பாருங்கள். கொதிக்கும் சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுப்பார்கள். நாமும் வாங்கிக்கொண்டுதான் வருகிறோம். சோதனை என்று வந்தால் சிக்குவது கீரைக் கட்டு விற்கும் பாட்டியும் தள்ளுவண்டிக்காரரும். பையை உருட்டிவிடும் ஆலையின் வாசலில் அந்த வேகம் தெரிவதில்லை.

2025 மே 31 அன்று முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது நடந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. அவர் வரும் வழியில் இருந்த பந்தல்குடி கால்வாயின் அவலம் கண்ணில் படாதபடி துணி கட்டி மறைத்தார்கள். செய்தி வெளியாகி நாறியபின் முதலமைச்சர் நேரில் போய்க் கால்வாயைப் பார்வையிட்டார். பைக்குப் பதில் துணியைக் கையில் எடுங்கள் என்று மக்களுக்குச் சொன்ன அரசின் நிர்வாகம், துணியை எதற்குப் பயன்படுத்தியது பார்த்தீர்களா? அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஒன்றிய அரசின் தூய்மை நகரங்கள் பட்டியல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம். ஊரே வெட்கப்பட்டது. ஆனால் அந்தக் கடைசி இடத்தை ஒவ்வொரு நாளும் கையால் அள்ளுகிறவர்களுக்காக வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

வீசிய பை வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் அடைத்துக்கொள்கிறது. அடைப்பு எடுக்க ஆள் அனுப்புகிறார்கள். 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களை அடைத்தது பாலித்தீன் பைதான் என்று கண்டு, 2002-இல் உலகிலேயே முதல் நாடாக வங்கதேசம் மெல்லிய பைகளைத் தடை செய்தது. அந்த நாட்டின் தலைநகர் டாக்காவில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் யார்? பிரிட்டிஷ் காலத்தில் தெலுங்குப் பகுதியிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொண்டுபோகப்பட்ட தலித் குடும்பங்களின் வழிவந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். நாடு மாறியது, பெரும்பான்மை மதம் மாறியது, அந்தக் கை மட்டும் மாறவில்லை.

நம் ஊரில், 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறந்தார்கள். மோட்டார் வேலைக்காகப் போனவர்கள். அந்தச் சாவுக்குப் பிளாஸ்டிக் பைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தரைக்குக் கீழே நம் கழிவு ஓடும் இடத்துக்குள் மனிதரை இறக்குவதற்கு இந்த நகரம் கூசவில்லை என்று சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் கூசவில்லை. அந்தக் கூச்சமின்மைதான் மாடியிலிருந்து பையையும் வீசுகிறது.

பயன்படுத்தித் தூக்கி எறியும் பண்பாடு மேலைநாட்டு இறக்குமதி என்று சிலர் சொல்வார்கள். பை வேண்டுமானால் இறக்குமதியாக இருக்கலாம். தூக்கி எறிந்தால் பொறுக்க ஒரு கூட்டம் பிறந்தே இருக்கிறது என்ற நம்பிக்கை இந்த மண்ணில் விளைந்தது. "அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் இல்லாமல் எவ்வளவு அழகாக வாழ்ந்தோம்" என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தென்மாவட்டச் சிற்றூர்களின் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றினார்களே, அதுவும் இயற்கைக்கு உகந்ததுதான், மக்கிப்போவதுதான். அந்தக் காலத்துக்கா திரும்பச் சொல்கிறீர்கள்? சிரட்டை போய் இரட்டைக் குவளை வந்தது. அதை எதிர்த்துப் போராடியதும் சில ஊர்களில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரருக்குத் தூக்கி எறியும் கப் என்றானது. எச்சில், தீட்டு என்ற பழைய நோய்க்குப் பிளாஸ்டிக் கப் புதிய கையுறையாக வாய்த்தது. ஆகவே பழம்பெருமை பேசிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் கைவிடுவது நம் வேலையல்ல. மஞ்சப்பையோடு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த அதே நகரத்துப் பொதுப்புத்தி, இன்று அதையே நாகரிகம் என்று தோளில் மாட்டிக்கொள்வதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி நம் தோழர்களிடம் வருகிறேன். பையைப் பற்றிப் பேசினால் நம்மில் பலர் வைத்திருக்கும் பதில் இது: "தனிமனிதர் பையைக் கைவிட்டு என்ன ஆகப்போகிறது? குற்றவாளி கார்ப்பரேட்." குற்றவாளி கார்ப்பரேட் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2016-ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்கின. அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள், நாப்கின் நிறுவனங்கள் அதைச் சுற்றிப் போட உறை தர வேண்டும் என்றன. பணியாளர்களுக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் கிடைக்க உள்ளாட்சி வழிசெய்ய வேண்டும் என்றன. இதற்கெல்லாம் போராட வேண்டும். ஆனால் உங்கள் சமையலறையில் அந்தப் பைக்கு முடிச்சுப் போட்டது கார்ப்பரேட் அல்ல, நீங்கள். மேடையில் சாதி ஒழிப்பு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, பிரிக்காத குப்பையைக் கட்டி வாசலில் வைத்தால், அதைப் பிரிக்கும் வேலையை யாருடைய பிறப்பின் மீது ஏற்றுகிறீர்கள்?

அன்றாடக் கூலிக்கு வேலை செய்து, இருபது ரூபாய்க்குச் சில்லறை எண்ணெய் வாங்கும் பெண்ணிடம் இதைக் கேட்கவில்லை. அவர் அந்தப் பையைக் கழுவிக் காயவைத்து மறுபடியும் பயன்படுத்துகிறவர். இரண்டு வண்டி வைத்திருந்தும் ஒரு துணிப்பையைச் சுமக்கக் கூச்சப்படும் நம்மைத்தான் கேட்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. கடைக்குப் பையும், சால்னாவுக்குத் தூக்குவாளியும் எடுத்துப் போங்கள். குப்பையை உங்கள் கையாலேயே பிரியுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அந்த நாற்றம் உங்களுடையது. நாப்கினைத் தாளில் சுற்றி, கண்ணாடியையும் பிளேடையும் தனியாக வைத்து, சொல்லிக் கொடுங்கள். வண்டி வரும்போது கீழே இறங்கிப் போங்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்தபோது, நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அப்படியொரு போராட்டம் உங்கள் ஊரில் நடந்தால் துணிப்பையோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பையைக் கைவிடுவதும் அந்தப் பந்தலில் உட்காருவதும் ஒரே அரசியல்தான்.

அவர்கள் நம் பையை அவிழ்த்துப் பார்த்து நம்மை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் அவர்கள் பெயரைக்கூடக் கேட்டதில்லை.