கணிப்பொறிக்குப் பின்னால் ஒரு களஞ்சியம்

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பரிசில் ஒரு பாதி, புதிய புரதங்களைக் கணிப்பொறியின் துணையால் வடிவமைத்த டேவிட் பேக்கருக்குக் கிடைத்தது. மறு பாதியை டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் என்னும் இருவர் பகிர்ந்துகொண்டார்கள். இவர்களுடைய குழு ஆக்கிய ‘ஆல்ஃபாஃபோல்டு’ என்னும் கணிப்பொறி நிரல், ஒரு புரதத்தின் வடிவத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ‘ஐம்பது ஆண்டுப் புதிரைக் கணிப்பொறி விடுவித்துவிட்டது!’ என்று எங்கும் பேச்சு. இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மற்றப் பாதியைப் பேசுவார் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதிர் என்னவென்று பார்ப்போம். புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிகள் போலக் கோத்த சங்கிலி. இது நீட்டி வைத்த மாலையாக இருப்பதில்லை. மடிந்தும் சுருண்டும் தனக்கென ஒரு வடிவத்தை அடைகிறது. அந்த வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது அல்லவா? அதிலுள்ள புரதங்கள் வெப்பத்தால் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். மணிகளின் வரிசையே வடிவத்தை நிர்ணயிக்கிறது என்று காட்டிய கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசு பெற்றார். அப்படியானால் வரிசையைக் கொண்டே வடிவத்தைக் கணக்கிட முடியுமா? இதுதான் புதிர்.

கணக்கிட வழியில்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? புரதத்தைப் படிகமாக்கி, அதனுள் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைப் படமெடுத்தார்கள். சொல்வது எளிது. மாக்ஸ் பெரூட்ஸ் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை 1937இல் கையிலெடுத்தார். அதன் வடிவம் ஓரளவு தெளிவானது 1959இல்! படிகம் ஆக மறுக்கும் புரதங்களோடு போராடியே வாழ்நாளைக் கழித்தவர்களும் உண்டு.

இப்படிப் பாடுபட்டுக் கண்ட வடிவத்தை ஒருவர் தம் மேசை அறைக்குள் பூட்டி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடையாக 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ‘புரதத் தரவு வங்கி’ தொடங்கப்பட்டது. அப்போது அதிலிருந்தவை வெறும் ஏழு வடிவங்கள். கேட்பவர்களுக்குக் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். வடிவங்களைத் தர எல்லோரும் உடனே முன்வந்துவிடவில்லை. வங்கியில் சேர்த்தால்தான் கட்டுரை வெளியிடுவோம் என்று ஆய்விதழ்கள் பிற்காலத்தில் நிபந்தனை விதித்த பிறகே அது வழக்கமாயிற்று. 2020ஆம் ஆண்டளவில் அதில் ஏறத்தாழ 1,70,000 வடிவங்கள் சேர்ந்திருந்தன.

ஆல்ஃபாஃபோல்டு பாடம் படித்தது இந்தக் களஞ்சியத்தில்தான்! இதனோடு பல கோடிப் புரதங்களின் மணி வரிசைகளும் அதற்குப் பாடமாயின; அவையும் பொதுவில் கிடைத்தவையே. 2020இல் ‘காஸ்ப்’ என்னும் போட்டியில் அது எல்லோரையும் முந்தியது. அப்போட்டியின் விடைத்தாள் எங்கிருந்து வந்தது? அதுவும் சோதனைச்சாலையிலிருந்துதான். யாரோ உழைத்துக் கண்டறிந்து, இன்னும் வெளியிடாமல் வைத்திருந்த வடிவங்களோடு ஒப்பிட்டே மதிப்பெண் போட்டார்கள்.

இடையே நம் ஊர்ச் செய்தி ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், தம்முடன் பணியாற்றிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை அது காட்டியது. இன்றும் புதிய வடிவம் ஒன்று வந்தால், அது சரிதானா என்று அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு அவர் கட்டணம் எதுவும் கேட்டதில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பின் நிரல் 2021இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அது கணித்த 20 கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள் 2022 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. மிக நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் 2024 மே மாதம் மூன்றாம் பதிப்பைப் பற்றிய கட்டுரை வந்தபோது நிரல் தரப்படவில்லை. ஆராய்ச்சியாளர் பலர் கண்டனக் கடிதம் எழுதினார்கள். நவம்பரில் நிரல் வெளிவந்தது, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன்.

‘பணம் போட்ட நிறுவனம் இலாபம் பார்க்க வேண்டாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய கணிப்பொறிகளுக்கும் திறமைசாலிகளுக்கும் நிறையச் செலவாகும். ஆனால் அந்த நிறுவனம் முதலீடாக எடுத்துக்கொண்ட களஞ்சியம், பெரும்பாலும் பல நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நிறைந்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் இறைத்துப் பயிர் செய்பவர் விளைச்சலை விற்கட்டும். கிணற்றுக்கு வேலி போடலாமா? மருந்து நிறுவனங்களிடம் வெளியிடப்படாத புரத வடிவங்கள் இன்றும் ஏராளமாக உள்ளன. வேலி போடும் பழக்கம் பரவினால் அடுத்த ஆல்ஃபாஃபோல்டுக்குப் பாடநூல் கிடைக்காது.

உங்களில் சிலர், ‘இனி ஆய்வுக்கூடம் எதற்கு, கணிப்பொறி போதுமே’ என்றும் நினைக்கக்கூடும். அதற்கு அந்த நிரலே பதில் சொல்கிறது. பள்ளியில் இணைய வசதி இருந்தால் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தைத் திறந்து, ஆசிரியரின் உதவியோடு ஏதாவது ஒரு புரதத்தைத் தேடிப் பாருங்கள். படம் பல நிறங்களில் வரும். கருநீலம் என்றால் நிரலுக்கு மிகுந்த நம்பிக்கை. ஆரஞ்சு என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே இல்லாமலும் இருக்கலாம். நிரலால் கணிக்க முடியாமலும் இருக்கலாம். எது என்பதைச் சோதனை செய்துதான் அறிய வேண்டும். நான்கைந்து புரதங்களைப் பார்த்து, எவற்றில் ஆரஞ்சு அதிகம் என்று குறித்து வையுங்கள்.