மலிவான மருந்துக்கு நாதியில்லையா?

தோட்ட ஆபீசிலிருந்து நாம் எழுதி அனுப்பிய மருந்துப் பட்டியல் திரும்பி வந்தது. கண்ணுக்குப் போடும் களிம்புக்கு நேரே "சரக்கு இல்லை" என்று எழுதியிருந்தது. டிரஸர் கையை விரித்தார். பீளை கட்டிய கண்ணோடு கைக்குழந்தையைத் தூக்கி வந்த பால்வெட்டுத் தொழிலாளியான தாய், அன்றைய வேலையை விட்டுப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினார். களிம்பின் விலை சில வெள்ளி. அவர் இழந்ததோ ஒரு நாள் சம்பளம்.

ஏன் சரக்கு இல்லை? நமக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய மருந்துகள் எப்படி மறைகின்றன என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

எரித்ரோமைசின் நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து கிடைத்த மருந்து. 1952இல் விற்பனைக்கு வந்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் மேகவெட்டைக் கிருமி குழந்தையின் கண்ணைக் குருடாக்கிவிடும். அதைத் தடுக்க, பிறந்தவுடன் இந்தக் களிம்பை இடவேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே உண்டு. அப்படிப்பட்ட களிம்புக்கு 2009இல் அங்கே தட்டுப்பாடு வந்தது. 2023 பிப்ரவரியில், அதைத் தயாரித்து வந்த கம்பெனிகளில் ஒன்றான அக்கார்ன் திவாலாகித் தொழிற்சாலைகளை மூடியது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மருத்துவமனைகள் மீண்டும் களிம்பைத் தேடின. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்தக் கதி!

காரணம் கடினமானதல்ல. கண் களிம்பைக் கிருமி அண்டாத கூடத்தில் செய்யவேண்டும். அதற்குச் செலவு அதிகம். பழைய மருந்தாகையால் லாபமோ குறைவு. ஆகவே செய்வோர் ஒருவர் இருவராகச் சுருங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் கதவடைத்தால் ஊரே தவிக்கிறது.

தோழர்களே, இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? ரப்பர் விலை சரிந்ததும் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதை நாம் பார்த்தவர்கள். லாபம் இல்லையென்றால் மரமும் விழும், மருந்தும் நிற்கும். வியாபாரி தன் கணக்கைத்தான் பார்ப்பான். குழந்தையின் கண்ணை யார் பார்ப்பது?

சிறு கீறலுக்குச் சோப்பும் தண்ணீரும் போதும் என்பார்கள்; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிள்ளையின் கண் காத்திருக்காது.

ஆகவே நாம் கேட்கிறோம்: அத்தியாவசிய மருந்து ஒவ்வொன்றும் தீருமுன்பே வாங்கும்படி தோட்டக் கிளினிக்கில் இருப்புக் கணக்கு வைக்கவேண்டும். சரக்கு இல்லையென்றால் நிர்வாகமே மாற்று மருந்து தேடித் தரவேண்டும். மருந்துக்காக வெளியே போகும் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. மலிவான மருந்துகளுக்கு ஒரே கம்பெனியை நம்பியிராமல், பலரிடம் நீண்டகால ஒப்பந்தம் செய்ய அரசாங்கம் முன்வரவேண்டும்.

கிளைக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கட்டும். "சரக்கு இல்லை" என்பது பதிலாகாது!