பறவை பார்க்க குமணைக்கே போகணுமா?

"சுபஹோட எங்க வெளிக்கிட்டீங்க?" எங்களில் ஒருத்தன்ட உம்மா கேட்டா.

"பறவை பார்க்கப் போறம்."

"இதென்ன புதினம்? மதில்ல காகம் குந்திட்டு இருக்கு, அதைப் பாருங்களன்."

சிரிச்சிட்டுத்தான் வெளிக்கிட்டோம். நாலு பேர், ரெண்டு மோட்டார் சைக்கிள், இரவல் வாங்கின ஒரு பைனாகுலர். முதல் திட்டம் குமணை. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட இடம், 2010இல் ராம்சார் ஈரநிலமும் ஆச்சு. பேரைக் கேட்டாலே ஆசை வரும். ஆனால் ஜீப் வாடகைக் கணக்கைப் பார்த்ததும் ஆசை அடங்கிட்டு. காரைதீவில் உள்பக்கம் திரும்பி, மாவடிப்பள்ளி வட்டையோட நின்றோம்.

நின்றது நல்லதாப் போச்சு.

ஊர்ப்பட்ட கொக்கு. நத்தைகுத்தி நாரைகள் சேற்றுக்குள் நத்தை தேடிக்கொண்டிருந்தன. தண்ணிக்கு மேலே மீசை ஆலாக்கள் விழுந்து விழுந்து எழும்பின. வரம்போரம் வாலை ஆட்டி ஆட்டி நடந்த சின்னப் பறவையைக் கொஞ்ச நேரம் ஆருமே கவனிக்கல்ல. அது பொரி உள்ளான். எடை ஒரு கோழி முட்டையளவுதான். ஆனால் அது முட்டையிடுறது சைபீரியா, வட ஐரோப்பா பக்கத்துச் சதுப்பு நிலங்களில். அங்கே பனி இறுகி நிலம் உறையும் காலம்தான் எங்களுக்கு மாரி. வட்டையில் பெரும்போகத் தண்ணி நிற்கும், புழு பூச்சி இருக்கும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வருது.

இது கதை இல்லை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்ட ஒரு கடற்காகம், ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்த் திரும்ப மன்னாருக்கே வந்தது. உம்மா சொன்ன காகம் இல்லை, இது வேற காகம்.

ஆனால் நாங்க எழுத வந்தது பறவைப் பட்டியல் இல்லை. பைனாகுலரை வைத்துப் பார்த்த இடத்தைப் பற்றி.

2024 நவம்பர் 26. இதே மாவடிப்பள்ளி வீதி. வெள்ளத்துக்குள் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஜனாஸாக்களை இந்தக் கரையோர ஊர்கள் மறக்காது. நாங்க கொக்கு பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நின்றதும் அந்த வீதியில்தான். ஒருத்தன் அதை ஞாபகப்படுத்தினான். பிறகு கொஞ்ச நேரம் ஆரும் கதைக்கல்ல.

அப்பதான் விளங்கினது. பறவை குந்துற இடம் எல்லாம் தண்ணி போற இடம். மேற்கே பெய்யும் மழை வட்டையில் தேங்கி, ஆறு, தோணா, முகத்துவாரம் என்று கடலுக்குப் போகணும். பறவைக்கு அந்த வழி தெரியும். எங்களுக்கு அது "சும்மா கிடக்கிற காணி".

ஒலுவிலிலும் இதே பாடம்தான். 2013இல் துறைமுகம் திறந்தாங்க. கரையோட ஓடுற மணலை அலைதடுப்புக் கல் மறிக்க, வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றது, தென்னைகளும் சரிந்தன. தண்ணிக்கும் மணலுக்கும் ஒரு வழி இருக்கு. மறித்தால் அது வேற வழி தேடும்.

பின்னேரம் சாய்ந்தமருது தோணாவுக்கு வந்தோம். ஷொப்பிங் பேக், பெம்பர்ஸ், கோழிக் கழிவு. அதுக்கு நடுவே ஒரு குருட்டுக் கொக்கு அசையாமல் நிற்குது. இதைக் கொட்டினது வெளியூர்க்காரன் இல்லை. நாங்கதான். எங்கட வீட்டுக் குப்பைதான்.

"காணி இல்லாத சனம் எங்க போறது?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வட்டை, நடுவில் ஒரு ஒடுங்கிய துண்டு நிலம், அதுக்குள்ளே இவ்வளவு சனம். 2004 சுனாமியில் கரையில் வீடு இழந்தவங்க உள்பக்கம் ஒதுங்கினதைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் நிரப்பின வட்டையில் கட்டின வீட்டுக்குள் மாரிக்கு மாரி முழங்கால் தண்ணி நின்றால், அந்தச் சனத்துக்குக் கொடுத்தது காணியா, கடனா? மேல்நோக்கி வீடு கட்டுறதைப் பற்றிப் பேசுவோம். எந்த வட்டையைத் தொடவே கூடாது என்று இப்பவே பேசுவோம். வெள்ளம் வடிஞ்ச பிறகு பேசிப் பிரயோசனம் இல்லை.

அதுக்கு ஆதாரம் வேணும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்குது. எண்ணுறது பெரும்பாலும் எங்களைப் போல தொண்டர்கள்தான். கரைவாகு வட்டையில், கிட்டங்கியில், களியோடையில் என்ன பறவை, எத்தனை, எந்தத் திகதி என்று நாங்களும் ஒரு கொப்பியில் எழுதலாம், ஈபேர்டில் போடலாம். நாளைக்கு ஒரு டிப்பர் மண்ணோட வந்தால், "இது சும்மா கிடக்கிற காணி இல்லை" என்று சொல்ல அந்தக் கொப்பி இருக்கும்.

வார ஜனவரி ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு மாவடிப்பள்ளியில் நிற்போம். பைனாகுலர் ஒன்றுதான், மாறி மாறிப் பார்க்கலாம். உங்கட உம்மாவையும் கூட்டிட்டு வாங்க. எங்கட உம்மா வாறன் என்று சொல்லிட்டா.