சறுக்குமரத்தடியில் மணல் போடுங்கள்

டச்சு அறிஞர் கிராவசாண்டே 1722-இல் பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரட்டித்தபோது பள்ளம் நான்கு மடங்கு ஆழமாயிற்று. குண்டின் இயக்க ஆற்றல் மண்ணை நசுக்கவும் விலக்கவும் செலவாகி, கடைசியில் வெப்பமாகிறது. சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து, இரண்டு மீட்டர் உயரத்தில் தவறி விழும் குழந்தைக்கும் இதே கணக்குதான். தளர்ந்த மணல் 10 செ.மீ. உள்வாங்கினால் உடலைத் தாக்கும் சராசரி விசை எடையைப்போல் சுமார் 20 மடங்கு. சிமெண்டில் உடல் ஒரு செ.மீ.க்குள் நின்றுவிட்டால் அது 200 மடங்கு! தரை வாங்காத அடியை எலும்பு வாங்குகிறது. அங்கே பேவர் பிளாக் பதிப்பது பெருந்தவறு. மழையில் இறுகிய மணலையும் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். உங்கள் பகுதிப் பூங்காவில் சறுக்குமரத்தடியில் சிமெண்ட் தரை இருந்தால், வார்டு கவுன்சிலரிடம் இன்றே மனு கொடுங்கள்.