குடியை விட்டவனைப் பிடிக்கும் “பேய்”

நெடுநாள் குடித்த ஒருவன், பெண்டு பிள்ளைகளின் அழுகைக்காகவோ, கோவிலுக்கு மாலை போட்டுக்கொண்டோ, திடீரென்று குடியை அடியோடு நிறுத்துகிறான். மறுநாளே கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கமில்லை. சிலருக்கு இரண்டு நாளைக்குள் வலிப்பு வருகிறது. இன்னும் சிலர், மூன்றாம் நாள் வாக்கில், சுவரில் பாம்பு நெளிவதாகவும் யாரோ வெட்ட வருவதாகவும் அலறுகிறார்கள். உடனே பூசாரிக்கு ஆள் போகிறது. விரதத்தில் குற்றம், சாமி கோபித்துக்கொண்டது என்கிறான் ஒருவன். சுடுகாட்டுப் பக்கம் பற்றிக்கொண்டது என்கிறான் மற்றொருவன். கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் சரியாய்ப் போகும் என்கிறான் மூன்றாமவன். இந்த மூவரில் காரணத்துக்குச் சற்று அருகில் நிற்பவன் அந்தக் குடிகாரச் சிநேகிதன்தான் என்பது வேடிக்கை!

நாம் கேட்கிறோம்: இந்தப் பேய் மணிக்கணக்குப் பார்த்து, குடியை விட்டவனையே ஏன் பிடிக்க வேண்டும்? லண்டனில் விட்டவனுக்கும் இதே நடுக்கம், இதே மூன்றாம் நாள் வருகிறதே, நம் ஊர் முனியாண்டி கப்பலேறிப் போய்விட்டாரா?

காரணம் மூளையில் இருக்கிறது. மோட்டார்ப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை நம் உடம்பும் சொற்ப அளவில் செய்துகொள்ளுகிறது. (பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு.) இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது இதுவே என்று கண்டதற்காக பர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூன்று அமெரிக்கர்கள் 1998-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மூளையிலும் இது சேதி சொல்லுகிறது என்பதை 1988-ல் இங்கிலாந்தில் கார்த்வெயிட் முதலியவர்கள் காட்டினார்கள்.

ஒரு நரம்புச் செல் இன்னொன்றைத் தட்டியெழுப்ப குளூட்டமேட் என்ற பொருளை விடுகிறது. அது திறக்கும் வாசல்களில் ஒன்றுக்கு என்.எம்.டி.ஏ. வாசல் என்று பெயர். அது திறந்தால் கால்சியம் உள்ளே நுழையும். நுழைந்ததும் அங்கே காத்திருக்கும் ஒரு நொதி நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்கும். வாயுவாகையால் அதற்குக் கதவு வேண்டாம். அண்டைச் செல்களுக்குள் ஊடுருவிச் சேதி சொல்லிவிட்டுச் சில விநாடிகளில் மறைந்துபோகும்.

கள்ளானாலும் பிராந்தியானாலும் அதிலுள்ள ஆல்கஹால் இந்த வாசலை அமுக்குகிறது. இதை 1989-ல் அமெரிக்காவில் லவிஞ்சர் முதலியவர்கள் வெளியிட்டார்கள். வாசல் அமுங்கினால் அதன் வழியே பிறக்கும் நைட்ரிக் ஆக்ஸைடும் குறையும். இராத்திரி பேசினது காலையில் ஞாபகமில்லாமற் போவதற்கு இந்த அமுக்கலும் ஒரு காரணம். ஆனால் மூளை சும்மா இருக்கிறதா? தினம் தினம் அமுக்கினால் அந்த வாசல்களின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுகிறது. அமுக்கின கை ஒரே நாளில் எடுபட்டதும் கால்சியம் வெள்ளமாய்ப் பாய்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடு அளவுக்கு மிஞ்சி, செல்களையே கெடுக்கும் விஷமாக மாறவும் கூடும். குடிக்குப் பழக்கி நிறுத்தின எலிகளுக்கு அந்த நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது உபத்திரவங்கள் குறைந்தன. எலிகளுக்கு எந்தப் பூசாரி வேப்பிலை அடித்தான்?

எல்லாம் இந்த ஒரு வாயுவால்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற ஏற்பாடும் அப்போது தளர்ந்து கிடக்கிறது. அதற்குப் பலம் கொடுக்கும் மருந்துகளைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுகிறார்கள். அந்த மருந்தை விட்டுவிட்டு, கட்டிப்போட்டு, சாட்டையால் அடித்துப் பட்டினி போடுகிற அந்த இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடுவதுண்டு. பிழைத்தவனோ, குடியை விட்டதால்தானே வந்தது என்று மறுபடியும் கடைக்குப் போகிறான்.

தினமும் அதிகமாய்க் குடித்து வந்தவர்கள் குடியை விடட்டும். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும். எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு விட்டபோது வலிப்பு வந்ததா என்பதை வீட்டார் வெட்கப்பட்டு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.