எண்ணிக்கையா? அர்த்தமா?



போன மாதம் நம் ஆங்கில மன்றத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். 'க்யூ' என்ற எழுத்து வருகிற ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தைகளை, பத்து நிமிஷத்தில் யார் அதிகமாக எழுதுவது என்பதுதான் போட்டி. முதல் பரிசு எனக்குத்தான். 19 வார்த்தை எழுதினேன். எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தப் பரிசைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எழுதியது நாலே நாலு வார்த்தை: குயிக், குயின், குவையட், குவைட். "நாலுதானா?" என்று சிலர் சிரித்தார்கள். "இனிமே எந்த இங்கிலீஷ் போட்டிக்கும் என்னைக் கூப்பிடாதடி" என்று சொல்லிவிட்டாள். பிறகு என் தாளைப் பார்த்து, "இது என்ன வார்த்தை? எப்படிப் படிக்கணும்?" என்று ஒன்றைக் காட்டினாள். க்யூ, யூ, ஓ, ஐ, என். நான் திருதிருவென்று விழித்தேன். அண்ணன் எழுதிக் கொடுத்த பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்திருந்தேன். பாதி வார்த்தைக்கு அர்த்தமும் தெரியாது, உச்சரிப்பும் தெரியாது!

மறுநாள் நூலக பீரியடில் இரண்டு பேரும் அகராதியில் தேடினோம். நாணயத்துக்குச் சொல்வது போலவே 'காயின்' என்றுதான் அதைப் படிக்க வேண்டுமாம். கட்டடத்தின் வெளி மூலை, அந்த மூலையில் வைக்கிற கல் என்று அர்த்தம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கப்பா கொத்தனார்டி. மூலை சரியா நின்னாத்தான் சுவர் நிக்கும்னு அடிக்கடி சொல்வாரு" என்றாள். அந்த வார்த்தையை அவள் இனி மறப்பாளா? மற்ற வார்த்தைகளில் பாதி எனக்கு அதற்குள் மறந்தே போச்சு!

நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டில் அவர் சூரப்புலி. 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சுமார் ஒன்பது வாரத்தில் வார்த்தைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஜெயித்தார். 2024-ல் ஸ்பானிய மொழியிலும் இப்படியே ஜெயித்தார். அவருடைய ஞாபகசக்திக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அவர் போனது விளையாட. நாம் பள்ளிக்கு வருவது மொழி கற்க. அவர் செய்தது அவருக்குச் சரி. நமக்கு அது போதுமா?

எழுத்தை எண்ணுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. என் தோழி எழுதிய குவையட், குவைட் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் அதே ஐந்து எழுத்துகள்தான். கடைசி இரண்டு மட்டும் இடம் மாறுகின்றன. ஈ, டி என்று முடிந்தால் அமைதி. டி, ஈ என்று முடிந்தால் ஓரளவு. எழுத்தைக் கவனிக்காதவர்கள் பரீட்சையில் இங்கேதான் மார்க்கைக் கோட்டை விடுகிறோம். ரேஷன் கடையில் 'க்யூ'வில் நிற்கிற நாம், அந்த வார்த்தைக்கும் ஐந்து எழுத்து என்று யோசித்திருப்போமா? முதல் எழுத்து மட்டும் சத்தம் போட, மீதி நாலும் பேசாமல் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன! அன்று என் தோழி அதை எழுதவில்லை. அர்த்தம் தெரியும், எழுத்து தெரியாது. எனக்கோ எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. ஆக இரண்டும் வேண்டும்.

அதனால் மன்றத்துக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று: வார்த்தைக்கு ஒரு மார்க், அதை வைத்து எழுதும் சரியான வாக்கியத்துக்கு இரண்டு மார்க். அப்படிப் பார்த்தால் நாலு வார்த்தை எழுதியவளுக்கும் 12 மார்க் கிடைக்கும்.

இரண்டு: நூலக பீரோவில் பூட்டியிருக்கும் அகராதிகளில் ஒன்றாவது வகுப்பு மேசைக்கு வரட்டும்.

மூன்று: 2021-ல் ஜாஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட 'வேர்டில்' விளையாட்டைக் கரும்பலகையில் விளையாடலாம். தினம் ஒரு ஐந்தெழுத்து வார்த்தை, ஆறு வாய்ப்பு. சரியான எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. எழுத்து உண்டு, இடம் தப்பு என்றால் மஞ்சள். செல்போன் வேண்டாம், கலர் சாக்பீஸ் போதும். கண்டுபிடித்தவர் அர்த்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தக் கறிதான் ஆங்கிலத்துக்குப் போய் 'கரி' என்று ஐந்தெழுத்து வார்த்தையாகிவிட்டது. நம் சமையல் கட்டிலிருந்தே அவர்கள் வார்த்தை எடுத்திருக்கும்போது, அவர்கள் வார்த்தையைப் பார்த்து நாம் ஏன் பயப்பட வேண்டும்?

மூன்று யோசனைகளையும் என் தோழியிடம் படித்துக் காட்டினேன். "அப்படி வெச்சா வரேன்" என்றாள். வைப்பீர்களா மிஸ்?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி