போலீஸ் கையில் ராணுவத் துப்பாக்கியா? முதலில் சட்டசபையைக் கேளுங்கள்!



ஜூலை 30 புதுச்சேரி மறக்க முடியாத நாள். 1936-ல் இதே நாளில்தான் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேரை பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டுக் கொன்றது. அவங்க கேட்டது 8 மணி நேர வேலை, நியாயமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை. அவ்வளவுதான்!

"அது வெள்ளைக்காரன் ஆட்சி"ன்னு சொல்வீங்க. சரி, 2018 மே 22, தூத்துக்குடி யார் ஆட்சி?

போலீஸ் வேன் மேல நின்னு ரைபிளால் குறிவைத்த காட்சியை நாம எல்லாரும் செல்போனில் பார்த்தோம். ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்ன மக்களில் 13 பேர் உயிர் போச்சு. அன்று பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, 1971 போரில் நம் ராணுவம் ஏந்திய ரகம். தப்பி ஓடியவர்களை மறைவிலிருந்து சுட்டதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமே சொன்னது. அந்த அறிக்கை 2022-ல் தமிழக சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

இப்போ துப்பாக்கியோடு நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் விவசாயிகள் மேல் ஹரியானா போலீஸ் ட்ரோனில் இருந்து கண்ணீர்ப்புகை குண்டு போட்டது.

சட்டம் என்ன சொல்லுது? கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை இறக்கணும்னா, பொதுவாக மாஜிஸ்திரேட் முடிவெடுக்கணும். பி.என்.எஸ்.எஸ். 149-வது பிரிவைப் பாருங்க. குறைந்தபட்ச பலத்தையே பயன்படுத்தணும்னும் அதே பிரிவு சொல்லுது. ஆனா ராணுவத் துப்பாக்கியை போலீஸ் கையில் கொடுக்க, நாம ஓட்டு போட்டு அனுப்பிய சபையை யாராவது கேட்டாங்களா?

"நவீன ஆயுதம் இல்லாம தீவிரவாதியை எப்படி பிடிப்பது?"ன்னு சிலர் கேக்குறாங்க. அதுக்கான சிறப்புப் படைக்குக் கொடுங்க, யார் வேண்டாம்னது? கூலி கேட்டு ஊர்வலம் வர்றவங்க எதிரில் அது எதுக்கு? பந்தோபஸ்துக்கு வெயிலில் நிற்கும் காவலரும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். உத்தரவு போட்ட மேலிடம் தப்பிச்சிடும், சுட்டவர் மட்டும் மாட்டிக்குவார். தெளிவான சட்டம் அவருக்கும் பாதுகாப்பு.

இது நடக்காத காரியமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2021-லேயே சட்டம் வந்தாச்சு. உள்ளூர் போலீஸ் ராணுவ ரக கருவி வாங்கணும்னா, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தில் பகிரங்கமாக விவாதித்து ஒப்புதல் பெறணும். ஆண்டுதோறும் கணக்கும் காட்டணும்.

புதுச்சேரியால முடியுமா? முடியும்! டெல்லி சட்டமன்றத்துக்கு போலீஸ் பற்றி சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. 1963 யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி நமக்கு உண்டு. ஒப்புதலுக்கு மசோதா டெல்லி போகணும்னா போகட்டும். முதலில் இங்கே நிறைவேறட்டும்!

நம் கோரிக்கை மூன்று:

✊ ராணுவ ரக ஆயுதம், ட்ரோன் வாங்கும் முன் சட்டசபை ஒப்புதல்.
✊ மக்கள் போராட்டங்களில் எஸ்.எல்.ஆர். போன்ற ரைபிள்களுக்குத் தடை.
✊ எதை, எங்கே, யார் உத்தரவில் பயன்படுத்தினார்கள் என்று ஆண்டுதோறும் சபையில் அறிக்கை.

30 தொகுதி, 30 எம்.எல்.ஏ. உங்க எம்.எல்.ஏ. எந்தப் பக்கம்? நேரில் கேளுங்க. பதிலை கமெண்டில் போடுங்க, பதிவைப் பகிருங்க.

12 பேர் ரத்தம் சிந்திய ஊர் இது. இன்னொரு ஜூலை 30 இங்கே வேண்டாம்!

#சட்டசபையைக்_கேள் #ஜூலை30 #புதுச்சேரி